விந்தணுவும் கதிர்வீச்சும்: முயலில் தொடங்கிய ஒரு நூற்றாண்டுக் கதை

புற்றுநோய் என்று தெரிந்தவுடன் நோயாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் தோன்றும் முதல் கேள்வி "உயிர் பிழைக்குமா?" என்பதுதான். கதிர்வீச்சு சிகிச்சை, அதாவது நோயாளிகள் சாதாரணமாகச் சொல்லும் "கரண்ட் வைப்பது", தொடங்கும் நாள் நெருங்கும்போது இளைஞர்களுக்கு இன்னொரு கேள்வியும் வரும். அதைப் பெரும்பாலும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. "பிறகு குழந்தை பிறக்குமா? பிறந்தால் நல்லபடியாக இருக்குமா?"

இந்தக் கேள்விக்கு இன்றைய மருத்துவத்திடம் ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. எந்த அளவு கதிர் விரையில் பட்டால் விந்தணு நிற்கும், எத்தனை மாதத்தில் திரும்பும், எந்த அளவைத் தாண்டினால் திரும்பவே திரும்பாது என்றெல்லாம் பாடப்புத்தகத்தில் எண்களாகவே இருக்கின்றன. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? முயல்கள், ஆட்டுக்கிடாக்கள், பழ ஈக்கள், சுண்டெலிகள், அணுகுண்டு விழுந்த இரண்டு நகரங்கள், கடைசியாக 131 சிறைக்கைதிகள்... இவர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதிய பதில் அது.

முயல்கள் சொன்ன சேதி

1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அடுத்த சில மாதங்களிலேயே உலகம் முழுக்க டாக்டர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். எலும்பைப் படம் பிடிக்க, தோல் நோயைத் தீர்க்க, கட்டியைக் கரைக்க என்று எல்லாவற்றுக்கும் எக்ஸ்ரே! கையுறை கிடையாது, ஈயத் தடுப்பு கிடையாது. தோல் சிவந்து புண்ணானபோதுதான் இதில் ஏதோ ஆபத்து இருக்கிறது என்று புரிந்தது.

தோலில் தெரிகிற புண்ணை எல்லோரும் பார்த்தார்கள். தெரியாத சேதம் ஒன்றும் இருக்கிறது என்று முதலில் காட்டியவர் ஹாம்பர்க் நகர மருத்துவர் ஆல்பர்ஸ்-ஷோன்பர்க். 1903-ல் அவர் ஆண் முயல்களையும் கினிப் பன்றிகளையும் எக்ஸ் கதிரில் வைத்தார். அவை வழக்கம்போல இணை சேர்ந்தன. ஆனால் குட்டிகள் பிறக்கவில்லை. சோதித்துப் பார்த்தால் விந்தில் உயிரணுவே இல்லை!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலங்குகளின் உடலுறவு ஆற்றல் குறையவில்லை, குறைந்தது கருவுறச் செய்யும் திறன் மட்டுமே. "ஆண்மை", "மலடு" என்ற இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் பழக்கம் இன்றும் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு என்பதை முயல்கள் 1903-லேயே காட்டிவிட்டன.

1905-ல் நியூயார்க்கில் பிரவுன், ஆஸ்குட் என்ற இரு மருத்துவர்கள் எக்ஸ்ரே கருவிகளோடு வேலை பார்த்து வந்த ஆண்களைப் பரிசோதித்தார்கள். அவர்களிலும் பலருக்கு விந்தணு இல்லை. வலி இல்லை, தளர்ச்சி இல்லை, எந்த அறிகுறியும் இல்லை. பரிசோதிக்கும் வரை அவர்களுக்கே அது தெரியாது. ஆல்பர்ஸ்-ஷோன்பர்க்கும் தப்பவில்லை. கதிர்களால் ஒரு கையை இழந்து 1921-ல் இறந்தார்.

எலியில் பிறந்த விதி, கிடாவில் பிறந்த சிகிச்சை

1906-ல் பிரான்சின் பொர்தோ நகரில் பெர்கோனியே, த்ரிபோந்தோ என்ற இருவர் எலிகளின் விரையைக் கதிரில் வைத்துப் பார்த்தார்கள். விரை என்பது ஒரு விசித்திரமான உறுப்பு. விந்தணுவைத் தயாரிக்கும் செல்களும், டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனைச் சுரக்கும் லேடிக் செல்களும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒரே அளவு கதிர் பட்டும் முதல் வகை செல்கள் செத்துப்போயின, இரண்டாம் வகை செல்கள் தப்பித்தன. ஏன்?

வேகமாகப் பிரிகிற, இன்னும் முதிர்ச்சி அடையாத செல்களைத்தான் கதிர்வீச்சு அதிகம் தாக்கும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். கதிரியக்க மருத்துவம் படிப்பவர்கள் இன்றும் முதலில் படிக்கும் விதி இது. புற்றுச் செல்களும் வேகமாகப் பிரிகின்றன. எனவே புற்றைக் கதிரால் அழிக்கலாம் என்ற நம்பிக்கைக்கு ஒரு அடிப்படை கிடைத்தது. ஆனால் அதே விதியின் மறுபக்கம், புற்றை அழிக்கும் கதிர் விந்தணு உற்பத்தியையும் அழிக்கும் என்பது. பெர்கோனியேயும் கதிர்களால் கையை இழந்து 1925-ல் இறந்தவர்தான்.

அடுத்தவர் க்ளோத் ரெகோ. பாரிஸ் ரேடியம் நிறுவனத்தில் இயற்பியல் பகுதியை மேரி கியூரியும், உயிரியல் பகுதியை ரெகோவும் நடத்தினார்கள். 1920-களில் முயல், ஆட்டுக்கிடா ஆகியவற்றின் விரைகளில் ரெகோ ஒரு சோதனை செய்தார். ஒரே தடவையில் பெரிய அளவு கதிரைக் கொடுத்தால், விலங்கை மலடாக்குவதற்குள் விதைப்பையின் தோல் வெந்து புண்ணாகிவிட்டது. அதையே பல நாட்களுக்குப் பிரித்துச் சிறிது சிறிதாகக் கொடுத்தபோது, தோல் பெரிய சேதமில்லாமல் தப்பியது, விந்தணு உற்பத்தி நின்றுபோனது.

ரெகோ விரையைப் புற்றுக்கட்டியின் மாதிரியாகப் பார்த்தார். "கட்டி சாக வேண்டும், சுற்றியிருக்கும் தோல் பிழைக்க வேண்டும், அதற்கு வழி இதுதான்" என்று யோசித்தார். அவரோடு பணியாற்றிய கூதார், தொண்டைப் புற்றுநோயாளிகளுக்கு இப்படிப் பிரித்துக் கொடுத்து வெற்றி கண்டார். இன்று ஒரு நோயாளி வாரத்துக்கு ஐந்து நாள் என்று ஐந்தாறு வாரம் மருத்துவமனைக்கு நடையாய் நடக்கிறாரே, அந்த முறையின் வேர் ஒரு கிடாவின் விரையில் இருக்கிறது.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. பெரும்பாலான உறுப்புகளுக்குப் பிரித்துக் கொடுப்பது நல்லது, இடையில் அவை தேறிக்கொள்ளும். விரைக்கு மட்டும் அது தலைகீழ். மொத்த அளவு ஒன்றாக இருந்தாலும் பிரித்துக் கொடுக்கும்போதுதான் விந்தணுவின் மூலச்செல்கள் அதிகம் சாகின்றன. எல்லோருக்கும் நன்மை தந்த முறை, தான் பிறந்த உறுப்புக்கே பகையானது.

ஈக்கள் கிளப்பிய பயம்

அதுவரை கேள்வி "விந்தணு இருக்குமா?" என்பது மட்டும்தான். 1927-ல் ஹெர்மன் முல்லர் இரண்டாவது கேள்வியைக் கொண்டுவந்தார். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆண் பழ ஈக்களை எக்ஸ் கதிரில் வைத்து, பிறகு பெண் ஈக்களோடு சேர்த்தார். அடுத்தடுத்த தலைமுறைகளில் மரபணு மாற்றங்கள் குவிந்தன. இயற்கையாக நடப்பதைப் போலச் சுமார் 150 மடங்கு!

விந்தணு உயிரோடு இருந்தால் மட்டும் போதாது, அது சுமந்து போகும் செய்தி பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்பது அன்றுதான் உலகத்துக்கு உறைத்தது. முல்லருக்கு 1946-ல் நோபல் பரிசு கிடைத்தது. எக்ஸ் கதிரைக் கவனமில்லாமல் பயன்படுத்தும் மருத்துவர்களை அவர் கடைசிவரை எச்சரித்துக்கொண்டே இருந்தார்.

ஆஷ்விட்ஸ்

இந்த அறிவை ஆயுதமாக நினைத்தவர்களும் இருந்தார்கள். ஹிட்லரின் அலுவலகத்தைச் சேர்ந்த விக்டர் பிராக், எக்ஸ் கதிரால் யூதர்களை அவர்களுக்கே தெரியாமல் மலடாக்கலாம் என்று ஹிம்லருக்கு யோசனை எழுதினான். 1942 முதல் ஹோர்ஸ்ட் ஷூமன் என்ற மருத்துவன் ஆஷ்விட்ஸ்-பிர்கெனவ் முகாமில் இதைச் செய்து பார்த்தான். இளம் ஆண்களும் பெண்களும் எக்ஸ்ரே கருவிகளுக்கு நடுவில் நிறுத்தப்பட்டார்கள். உடல் வெந்தது. பிறகு விளைவைப் பார்க்க ஆண்களின் விரைகளை அறுத்து எடுத்தார்கள். பலர் இறந்தார்கள். 1944-ல் ஷூமன் கொடுத்த முடிவு என்ன தெரியுமா? எக்ஸ் கதிரை விட அறுவை சிகிச்சையே சுலபம், சீக்கிரம் முடியும் என்பதுதான்!

பிராக் 1948-ல் தூக்கிலிடப்பட்டான். ஷூமன் தப்பி ஓடி ஆப்பிரிக்காவில் வாழ்ந்து, 1966-ல் கானாவிலிருந்து ஜெர்மனிக்கு ஒப்படைக்கப்பட்டான். உடல்நலத்தைக் காரணம் காட்டி வழக்கு பாதியில் நின்றது. 1972-ல் விடுதலையாகி 1983 வரை உயிரோடு இருந்தான். நாஜி மருத்துவர்கள் மீதான நியூரம்பர்க் வழக்கின் தீர்ப்பில்தான், சோதனைக்கு உட்படும் மனிதரின் சுதந்திரமான சம்மதம் கட்டாயம் என்ற விதி 1947-ல் எழுதப்பட்டது.

இரண்டு நகரங்களும் பத்து லட்சம் எலிகளும்

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு விழுந்தது. பிழைத்தவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகள் எப்படி இருப்பார்கள்? முல்லரின் ஈக்களை நினைத்து உலகமே பயந்தது. ஜேம்ஸ் நீல், வில்லியம் ஷல் என்ற அமெரிக்க மரபியலாளர்கள் ஜப்பானிய மருத்துவர்கள், மருத்துவச்சிகள் உதவியோடு 1948 முதல் 1954 வரை அந்நகரங்களில் நடந்த 70,000-க்கும் மேற்பட்ட பிறப்புகளை ஆராய்ந்தார்கள். போருக்குப் பிந்தைய பஞ்சக் காலம் அது. கர்ப்பிணிகளுக்குக் கூடுதல் ரேஷன் உண்டு என்பதால் பெண்கள் முன்கூட்டியே பெயர் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவேடே ஆராய்ச்சிக்கு அடித்தளம் ஆனது.

1956-ல் முடிவு வெளியானது. பிறவி ஊனம், இறந்தே பிறத்தல், எடைக் குறைவு ஆகியவற்றில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

அதே காலத்தில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் வில்லியம் ரஸ்ஸலும் லியான் ரஸ்ஸலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சுண்டெலிகளை வைத்து ஆராய்ந்தார்கள். எலியில் மரபணு மாற்றம் நிச்சயமாக நடந்தது. ஆனால் 1958-ல் அவர்கள் ஒரு முக்கியமான செய்தியைச் சொன்னார்கள். அதே அளவு கதிரை மெதுவாக, நீண்ட நாள் கொடுத்தால் மாற்றங்கள் வெகுவாகக் குறைகின்றன. விந்தணுவாக முதிராத தொடக்க நிலைச் செல்கள் தம்மைத் தாமே பழுது பார்த்துக்கொள்கின்றன என்பதே இதற்கு அர்த்தம்.

131 கைதிகள்

இவ்வளவுக்குப் பிறகும் மனித விரைக்கு எவ்வளவு கதிர் எவ்வளவு சேதம் என்ற கணக்கு யாரிடமும் இல்லை. அமெரிக்காவுக்கு அந்தக் கணக்கு தேவைப்பட்டது. அணு ஆலைத் தொழிலாளர்கள் விபத்தில் சிக்கினார்கள், விண்வெளி வீரர்கள் புறப்படத் தயாராக இருந்தார்கள். நாட்டின் அணுசக்தி ஆணையம் பணம் கொடுத்தது. 1963-ல், நியூரம்பர்க் விதி எழுதப்பட்டுப் பதினாறே ஆண்டுகளில், ஆரிகன் மாநிலச் சிறையில் கார்ல் ஹெல்லரும் வாஷிங்டன் மாநிலச் சிறையில் ஆல்வின் பால்சனும் கைதிகளிடம் சோதனையைத் தொடங்கினார்கள். ஆரிகனில் 67 பேர், வாஷிங்டனில் 64 பேர்.

ஹெல்லரின் குழு இதற்கென்றே ஒரு கருவி செய்தது. கைதி குப்புறப் படுக்க வேண்டும். விதைப்பை வெதுவெதுப்பான நீர் நிறைந்த ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும். இரண்டு பக்கமும் எக்ஸ்ரே குழாய்கள். 8 ராட் முதல் 600 ராட் வரை, ஆளுக்கு ஒரு அளவு. (100 ராட் என்பது இன்றைய கணக்கில் 1 கிரே.) பிறகு வாரக்கணக்கில் விந்துப் பரிசோதனை. அவ்வப்போது விரையிலிருந்து சதைத் துணுக்கு வெட்டி எடுப்பார்கள். துணுக்கு எடுக்கும் ஒவ்வொரு முறைக்கும் 25 டாலர் கூலி. சிறைக்குள் நாள் முழுக்க உழைத்தால் கிடைத்தது 25 சென்ட்! அந்த இடத்தில் "விருப்பப்பட்டுத்தான் வந்தார்கள்" என்ற சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு கொடுக்க முடியும்?

தோல் புண்ணாகலாம், வலிக்கலாம் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. புற்றுநோய் வரலாம் என்பது? கைதிகள் பயந்துவிடக் கூடாது என்பதால் "கட்டி" என்ற சொல்லையே பயன்படுத்தியதாக ஹெல்லர் பிற்பாடு தன் வாக்குமூலத்தில் சொன்னார். சோதனை முடிந்ததும் எல்லோரும் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொள்ள ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அதற்குத் தனிப் பணம். காரணம் மரபணு பயம்தான். கெட்டுப்போன விந்தணு சிறைக்கு வெளியே குழந்தையாகிவிடக் கூடாது என்று நினைத்தார்கள். முல்லரின் ஈ அங்கேயும் பறந்துகொண்டிருந்தது.

சிறைவாசம் அனுபவிக்கும் ஒருவரால் சுதந்திரமாகச் சம்மதிக்க முடியாது என்று சொல்லி ஆரிகன் சிறைத்துறை 1973-ல் எல்லா மருத்துவச் சோதனைகளையும் நிறுத்தியது. 1976-ல் சில கைதிகள் வழக்குப் போட்டார்கள். 1979-ல் சமரசம் ஆனபோது ஒன்பது பேருக்கும் சேர்த்துக் கிடைத்த தொகை 2,215 டாலர். 1994-ல் அதிபர் கிளின்டன் அமைத்த குழு மனிதர்கள் மீதான கதிர்வீச்சுச் சோதனைகள் எல்லாவற்றையும் விசாரித்து 1995-ல் அறிக்கை கொடுத்தது. இந்தக் கைதிகளின் கதையும் அதில் ஒரு பகுதி.

அந்த எண்கள்

கைதிகளின் உடலிலிருந்து வந்த கணக்கு இதுதான்:

விரையில் 0.15 கிரே பட்டாலே விந்தணு எண்ணிக்கை தற்காலிகமாகக் குறையும்.

சுமார் 0.8 கிரேயைத் தாண்டினால் கொஞ்ச காலம் விந்தணுவே இருக்காது.

1 கிரே வரை என்றால் பழைய நிலைக்குத் திரும்ப 9 முதல் 18 மாதம் ஆகும்.

2 முதல் 3 கிரே என்றால் சுமார் 30 மாதம்.

4 முதல் 6 கிரே என்றால் ஐந்து ஆண்டுகள் அல்லது அதற்கும் மேல்.

இவை ஒரே தடவையில் கொடுத்த அளவுகள். சிகிச்சையில் செய்வதுபோலப் பிரித்துக் கொடுத்தால் மொத்தம் 2.5 கிரேக்கு மேலேயே நிரந்தர மலட்டுத்தன்மைக்கு வாய்ப்பு அதிகம். ரெகோ தெரியாமல் தொட்ட முரண்பாடு இங்கே எண்ணாக நிற்கிறது. லேடிக் செல்கள் 20 கிரே வரைகூடப் பெரும்பாலும் தாங்கிவிடும். அதனால்தான் மீசையும் குரலும் உடலுறவு ஆற்றலும் அப்படியே இருக்க, விந்தணு மட்டும் காணாமல் போகிறது.

மூலச்செல்லிலிருந்து ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாட்கள் ஆகும். இதையும் கண்டறிந்தவர்கள் ஹெல்லரும் கிளர்மான்ட்டும்தான். கதிர் பட்ட அன்றே விந்தணு மறைந்துவிடாது. ஏற்கெனவே பாதி வளர்ந்தவை தாக்குப்பிடித்து வெளியே வந்துகொண்டிருக்கும், இரண்டு மாதம் கழித்துத்தான் வீழ்ச்சி தெரியும். இந்த இடைவெளியில் ஒரு ஆபத்து உண்டு. கதிர் பட்டும் சாகாமல் வந்த அந்த விந்தணுக்களின் டி.என்.ஏ. உடைந்திருக்கலாம். முதிர்ந்த விந்தணுவால் தன்னைப் பழுது பார்த்துக்கொள்ள முடியாது.

மரபணுவுக்கு என்ன ஆகிறது?

விந்தணுவின் குரோமோசோம்களை நேரில் பார்க்க 1978 வரை வழியில்லை. அந்த ஆண்டு ஒரு வினோதமான உத்தி வந்தது. வெளி உறை நீக்கிய வெள்ளெலியின் முட்டைக்குள் மனித விந்தணுவை நுழையவிட்டால் அதன் குரோமோசோம்கள் விரிந்து தெரியும்! கனடாவின் ரெனீ மார்ட்டின் குழு 1986-ல் இந்த முறையில், கதிர்வீச்சு சிகிச்சை பெற்ற ஆண்களின் விந்தணுக்களைப் பார்த்தது. உடைந்த, மாறிய குரோமோசோம்கள் அதிகமாகவே இருந்தன. விரையில் பட்ட அளவு கூடக்கூடப் பிழையும் கூடியது.

விரைப் புற்றுக்குக் கதிர் பெற்றவர்களைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, டி.என்.ஏ. உடைந்த விந்தணுக்கள் ஓரிரு ஆண்டுகள் அதிகமாக இருந்து, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் பழைய நிலைக்குத் திரும்புவது தெரிந்தது. சிகிச்சை முடிந்து ஓர் ஆண்டாவது கருத்தரிப்பைத் தள்ளிப்போடுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

சரி, பிறந்த குழந்தைகள்? 1990-ல் இங்கிலாந்தின் மார்ட்டின் கார்ட்னர், செல்லாஃபீல்ட் அணு ஆலையில் தந்தை வாங்கிய கதிருக்கும் குழந்தையின் ரத்தப் புற்றுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதி நாட்டையே உலுக்கினார். குடும்பங்கள் வழக்குப் போட்டு 1993-ல் தோற்றன. பின்வந்த ஆய்வுகள் அந்தக் கருத்தை ஆதரிக்கவில்லை. 2012-ல் அமெரிக்காவில் சிறுவயதில் புற்றை வென்றவர்களுக்குப் பிறந்த 4,699 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். பெற்றோரின் விரையிலோ சூலகத்திலோ பட்ட கதிருக்கும் பிறவிக் குறைபாட்டுக்கும் தொடர்பு தெரியவில்லை. 2021-ல் செர்னோபில் விபத்தில் கதிர் பட்ட பெற்றோருக்குப் பிறந்த 130 பேரின் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தபோதும் புதிய மாற்றங்கள் கூடுதலாக இல்லை.

ஒரு சிறு குறிப்பும் உண்டு. டென்மார்க், ஸ்வீடனில் 2011-ல் வந்த ஆய்வில், புற்று வந்த தந்தையரின் குழந்தைகளில் 3.7 சதவீதத்தினருக்கும் மற்றவர்களின் குழந்தைகளில் 3.2 சதவீதத்தினருக்கும் பிறவிக் குறைபாடு இருந்தது. வேறுபாடு மிகச் சிறியது, அதற்குக் கதிர்தான் காரணம் என்றும் அது சொல்லவில்லை. விந்தணுவில் தெரியும் பிழை குழந்தையில் ஏன் தெரிவதில்லை? பெரிதாக உடைந்த விந்தணு பெரும்பாலும் கருவாவதில்லை, ஆனாலும் நிலைப்பதில்லை. முட்டைக்கும் ஓரளவு பழுது பார்க்கும் திறன் உண்டு. ஈயின் பயம் மனிதனுக்கு அதே அளவில் பொருந்தவில்லை.

உறைபனியில் ஒரு காப்பீடு

மரபணு பயம் குறைந்தாலும் மலட்டுத்தன்மை நிஜம்தான். அதற்கு விடை வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1949-ல் லண்டனில் கிளிசரின் சேர்த்தால் விந்தணு உறைநிலையைத் தாங்கும் என்று தெரிந்தது. 1953-ல் அமெரிக்காவின் அயோவாவில் பங்கி, ஷெர்மன் இருவரும் உறைய வைத்த மனித விந்தணுவால் கருத்தரிப்பை நடத்திக் காட்டினார்கள். 1992-ல் பிரஸ்ஸல்ஸில் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறை வந்ததும், சேமித்து வைத்தது கொஞ்சமே ஆனாலும் போதும் என்றானது. பிரிட்டனில் 17 வயதில் விரைப் புற்று சிகிச்சைக்கு முன் ஒருவர் சேமித்து வைத்த விந்தணு, 21 ஆண்டுகள் உறைந்திருந்த பிறகு ஒரு குழந்தையானது. 2004-ல் அந்தச் செய்தி மருத்துவ இதழில் வெளிவந்தது.

சிகிச்சைக்கு முன்பே இதைப் பற்றி நோயாளியிடம் பேச வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2006-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. மற்ற விரையைக் காக்க ஈயக் கவசம் வைக்கிறார்கள். ஆரம்ப நிலை விரைப் புற்றில் அறுவைக்குப் பிறகு கதிரே வேண்டாம், கண்காணித்தால் போதும் என்ற முறையும் பரவியிருக்கிறது. இன்னும் தீராத பிரச்சினை பருவமடையாத சிறுவர்கள். சேமிக்க அவர்களிடம் விந்தணு இல்லை. விரைத் துணுக்கை உறைய வைத்துப் பின்னால் பயன்படுத்தும் முறையில் 2019-ல் ஒரு குரங்குக் குட்டி பிறந்ததாக அறிவிக்கப்பட்டது. அந்த வழி சிறுவர்களுக்கும் திறக்கும் என்பது நம்பிக்கை.

ஆக, அந்த இளைஞனின் இரண்டு கேள்விகளுக்கும் பதில் உண்டு. குழந்தை பிறக்குமா? விரையில் எவ்வளவு கதிர் படும் என்பதைப் பொறுத்தது. எதற்கும் முதல் நாள் "கரண்ட்" வைப்பதற்கு முன்பே விந்தணுவைச் சேமித்துவிடுவது நல்லது. நல்லபடியாக இருக்குமா? சிகிச்சைக்குப் பிறகு போதிய இடைவெளி விட்டால், பெரும்பாலும் மற்றக் குழந்தைகளைப் போலவே இருக்கும். வெட்கப்பட்டு டாக்டரிடம் கேட்காமல் விட்டுவிடுவதுதான் இன்று மிச்சமிருக்கும் பெரிய ஆபத்து.

டாக்டர் பதில் சொல்லும்போது "இரண்டு கிரே என்றால் முப்பது மாதம்" என்பார். அந்த முப்பது மாதத்தை ஒரு சிறைச்சாலையில், நாளுக்கு 25 சென்ட் கூலியில், யாரோ ஒருவர் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். சோதனை முடிந்த பிறகு அவர் என்ன ஆனார், புற்று வந்ததா என்று யாரும் முறையாகப் போய்ப் பார்க்கவில்லை.